ஹென்றி வோர்ட்: குளக்கட்டின் வழமையைச் சட்டமாக்கிய தேசாதிபதி

மாரி தொடங்குவதற்கு முந்திய மாதங்களில், வன்னியிலும் மட்டக்களப்பிலும் சிறிய குளமுள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேலை நடந்தாக வேண்டும். குளக்கட்டில் முளைத்த பற்றைகளை வெட்டவேண்டும். எலியும் உடும்பும் தோண்டிய வளைகளை அடைக்கவேண்டும். மாடுகள் ஏறி இறங்கித் தேய்ந்த இடங்களை மண்போட்டு உயர்த்தவேண்டும். துருசின் வாயில் அடைந்த சேற்றை அள்ளவேண்டும். வானில் விழுந்து கிடக்கும் மரங்களை இழுத்து அகற்றவேண்டும். இதற்குத் தேவையானவை மண்வெட்டி, கத்தி, கூடை, சில நாட்கள், சில பேர். ஆனால் யாருடைய பங்கு எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, வராதவரை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு விடையில்லாத ஊரில் குளம் நீண்டகாலம் தண்ணீர் வைத்திருக்காது.

இந்தக் கேள்விகளுக்கு ஊர்கள் தமக்குள் வைத்திருந்த விடைகளை ஒருமுறை காலனித்துவ அரசின் சீர்திருத்தம் குலைத்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னர் அதே அரசின் தேசாதிபதி ஒருவர், குலைந்ததைச் சட்டமொன்றின் மூலம் திருப்பிக் கட்ட முயன்றார். அவர் சேர் ஹென்றி ஜோர்ஜ் வோர்ட். 1855 முதல் 1860 வரை இலங்கையை ஆண்டவர். எமது பாடநூல்களில் புகையிரதப் பாதையோடும் கோப்பித் தோட்டங்களோடும் சேர்த்துச் சில வரிகளில் கடந்துபோகும் பெயர். நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய ஆளும் அல்லர். போருக்குப் பின் குளங்களுக்குத் திரும்பி வந்த எமக்கு அவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது.

சீர்திருத்தம் பேசியவர்

வோர்ட் 1797 இல் பிறந்தார். தந்தை றொபேர்ட் பிளூமர் வோர்ட் அரசியல்வாதியாகவும் நாவலாசிரியராகவும் இங்கிலாந்தில் அறியப்பட்டவர். ஹறோ பாடசாலையில் படித்த மகன் இளவயதிலேயே இராஜதந்திர சேவையில் சேர்ந்தார். ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபட்டுப் புதிதாக எழுந்த மெக்சிக்கோவுக்கு 1823 இல் அனுப்பப்பட்ட பிரித்தானியக் குழுவில் அவரும் இருந்தார். 1825 முதல் 1827 வரை அங்கு பிரித்தானியாவின் பிரதிநிதியாகக் கடமையாற்றினார். அந்நாட்டின் சுரங்கங்கள், நிலம், மக்கள் பற்றி விரிவான நூலொன்றையும் எழுதினார். ஒரு நாட்டைக் குதிரையில் ஏறிச் சுற்றிப் பார்த்து, கண்டதைக் குறிப்பெழுதி, அதிலிருந்து கொள்கையை வகுக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் ஏற்பட்டிருக்க வேண்டும். பின்னர் இலங்கையிலும் அவர் அப்படித்தான் நடந்துகொண்டார்.

1832 இல் அவர் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். முதலில் சென்ற் அல்பன்ஸ் தொகுதி, 1837 இலிருந்து ஷெஃபீல்ட் என்ற தொழில் நகரம். தீவிர சீர்திருத்த அணியினரோடு அமர்ந்து இரகசிய வாக்கெடுப்புக்காக வாதாடினார். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த அயர்லாந்தில் அரசின் புரட்டஸ்தாந்து திருச்சபை வைத்திருந்த மிகையான சொத்துகளைப் பொது நோக்கங்களுக்குத் திருப்பவேண்டும் என்று 1834 இல் பிரேரணை கொண்டுவந்தார். வாராந்தப் பத்திரிகை ஒன்றையும் நடத்தினார். அந்தக் காலத்து இலண்டனில் அவரைப் பார்த்தவர்களுக்கு மக்களின் பக்கம் நிற்கும் அரசியல்வாதியாகவே தோன்றியிருப்பார்.

கெபலோனியாவின் தூக்குமரங்கள்

1849 இல் அவர் அயோனியத் தீவுகளின் உயர் ஆணையாளராக அனுப்பப்பட்டார. கிரேக்க மொழி பேசும் அந்தத் தீவுகள் அப்போது பிரித்தானியாவின் பாதுகாப்பில் இருந்தன. கிரேக்கத்தோடு இணையவேண்டும் என்ற குரல் அங்கு வலுத்திருந்தது. வந்த புதிதில் முந்திய கலகத்தில் ஈடுபட்டவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கெபலோனியா தீவில் கடனாலும் நிலவுடைமையாளரின் அழுத்தத்தாலும் நொந்திருந்த விவசாயிகள் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். வோர்ட் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். 21 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏராளமானோர் சவுக்கால் அடிக்கப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் எதிர்ப்புத் தெரிவித்த பத்திரிகை ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் தொலைவிலுள்ள சிறு தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். இலண்டனில் பத்திரிகை நடத்தியவர் இன்னொரு மக்களின் பத்திரிகைகளின் வாயை அடைத்தார்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1848 இல், இலங்கையிலும் மாத்தளைப் பகுதியில் கிளர்ச்சி வெடித்திருந்தது. தேசாதிபதி ரொறிங்ரன் பிரபு இராணுவச் சட்டத்தின் கீழ் ஆட்களைச் சுட்டுக்கொன்று அதை அடக்கினார். அதற்காகப் பாராளுமன்றத்தில் எழுந்த கண்டனத்தால் பதவியையும் இழந்தார். கெபலோனியாவில் அதே வழியில் சென்ற வோர்ட்டுக்கோ பதவி உயர்வே கிடைத்தது. 1855 மே மாதத்தில் இலங்கையின் தேசாதிபதியாக அவர் கொழும்பில் வந்திறங்கினார்.

இராஜகாரியத்தோடு சேர்ந்து போனது

அவர் வந்தபோது கருவூலத்தில் பணம் இருந்தது. அவருக்கு முன்னிருந்த சேர் ஜோர்ஜ் அண்டர்சன் செலவைச் சுருக்கியே ஆண்டவர். கோப்பி விலையும் நன்றாக இருந்தது. ஆனால் உலர் வலயத்தின் நெற்செய்கை நிலைகுலைந்து கிடந்தது. காடு மூடிய குளங்களும், உடைப்பெடுத்த கட்டுகளும், காய்ச்சலால் மெலிந்த ஊர்களும் அதன் அடையாளங்களாக இருந்தன. பெரிய குளங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கைவிடப்பட்டவை. அவற்றின் அழிவுக்கு யுத்தம், நோய், குடிபெயர்வு என்று பல காரணங்கள் உண்டு. வோர்ட்டின் கவனத்தை ஈர்த்தது வேறொரு அழிவு. அண்மைக்காலம் வரை ஊரவர்கள் தாமே காத்துவந்த சிறிய குளங்களும் அணைகளும் வாய்க்கால்களும் ஒரே தலைமுறைக்குள் பாழாகிக்கொண்டிருந்தன.

அதன் காரணத்தைத் தேடினால் 1832 க்குச் செல்லவேண்டும். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி அரசாங்கம் இராஜகாரிய முறையை அந்த ஆண்டில் ஒழித்தது. அரசனுக்கும் பின்னர் அரசாங்கத்துக்கும் மக்கள் கட்டாயமாகச் செய்த ஊழியத்திலிருந்து அவர்களை விடுவித்த அந்த முடிவு நியாயமானது. ஆனால் ஊரவர் தமது சொந்த வயலுக்காகத் தமது சொந்தக் கட்டில் செய்த கூட்டு வேலையையும் அது ஆதரவற்றதாக்கியது. வேலைக்கு வராதவரை வரச்சொல்ல இனி யாருக்கும் அதிகாரமில்லை என்றாயிற்று. பழைய ஊர்ச்சபைகள் வலுவிழந்தன. ஒருவர் தன் பங்கைச் செய்யாமல் விட்டால் மற்றவர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த வழக்குக்கு ஆகும் செலவு கட்டின் பெறுமதியை விடக் கூடியது.

இதற்குள் ஒரு முரணும் இருந்தது. 1848 இன் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது பணம் கட்டவேண்டும் என்று விதித்திருந்தது. கோப்பியை மலையிலிருந்து இறக்கும் வீதிகளுக்காக அரசாங்கம் ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம். அவருடைய வயலுக்குத் தண்ணீர் தரும் கட்டுக்காக ஊர் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

மண்கட்டு எப்படி அழிகிறது

வோர்ட் செய்ததன் பெறுமதியை விளங்கிக்கொள்ள மண்கட்டின் இயல்பை விளங்கிக்கொள்ள வேண்டும். கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய அணை சில ஆண்டுகள் கவனிக்காவிட்டாலும் நிற்கும். மண்கட்டு அப்படியில்லை. கட்டி முடித்த நாளிலிருந்தே அது கரையத் தொடங்குகிறது.

கட்டின் மேல் ஒரு மரம் வளர்கிறது. அது நிற்கும்வரை கட்டைப் பிடித்து வைத்திருப்பதுபோலத் தோன்றும். அது பட்டுப்போனதும் வேர் உக்குகிறது. வேர் இருந்த இடம் கட்டின் குறுக்கே ஒரு குழாய் ஆகிறது. கறையான் புற்றும் விலங்கின் வளையும் இதே வேலையைச் செய்கின்றன. மாடுகள் ஒரே இடத்தில் ஏறி இறங்கினால் கட்டின் முதுகு அவ்விடத்தில் ஓர் அடி, இரண்டடி தாழ்கிறது. வான் பாய முன்னரே வெள்ளம் அந்தத் தாழ்ந்த இடத்தால் மேவும். மேவிய தண்ணீர் வெளிச்சரிவின் மண்ணை அரித்துக்கொண்டு இறங்கும். சில மணித்தியாலங்களில் கட்டு உடைப்பெடுக்கும். ஒரு போகத்துக்குக் கூடுதலாகத் தண்ணீர் வைக்க ஆசைப்பட்டு வானை மண்மூட்டைகளால் உயர்த்துவதும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் கொண்டுவரும்.

கட்டின் அடியில் கசிவு தெரிந்தால் அனுபவமுள்ள கமக்காரர் முதலில் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். தெளிந்த நீர் மெல்லக் கசிந்தால் அதைக் கவனித்துவர நேரம் உண்டு. கலங்கிய நீர் வந்தால் கட்டுக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். அது உடனடி ஆபத்து. வளையை அடைப்பதென்றால் வாயில் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. வளை முடியும் இடம்வரை வெட்டித் திறந்து, ஈரமான மண்ணைச் சிறு சிறு படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கவேண்டும். பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவதும் பிழை. வேரோடு கிளறி எடுத்து, அந்தக் குழியையும் அதே விதமாக நிரப்பவேண்டும். திருத்தத்துக்கான மண்ணைக் கட்டின் அடியிலிருந்தே வெட்டி எடுப்பது கட்டின் காலை வெட்டுவதற்குச் சமம்.

இவை எல்லாம் சிறு வேலைகள். ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் சில நாட்களில் முடிந்துவிடும். பத்து ஆண்டுகள் விட்டுவிட்டால் ஊரால் செய்யமுடியாத பெருவேலையாகிவிடும்.

1856 இன் சட்டம்

வோர்ட் தீவு முழுவதும் சுற்றுப்பயணம் செய்தார். கண்டவற்றை நீண்ட குறிப்புகளாக எழுதினார். அதே காலத்தில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி, ஊவாவின் நீர்ப்பாசனத்தைப் பற்றி அறிக்கையொன்றைத் தயாரித்திருந்தார். வாய்க்கால்களும் அணைகளும் எவ்வாறு சிதைந்தன, அவற்றைக் காத்துவந்த வழமைகள் எவை என்று அவர் ஊர்களில் கேட்டறிந்திருந்தார். வோர்ட்டின் கொள்கை இந்த அறிக்கையின் மேல் எழுந்தது.

1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், நெற்காணிகளின் நீர்ப்பாசனம், செய்கை தொடர்பான பழைய வழமைகளுக்கு மீண்டும் உயிர்கொடுத்து நடைமுறைப்படுத்துவதை நோக்கமாகக் கொண்டிருந்தது. சட்டம் கொழும்பிலிருந்து புதிய விதிகளை எழுதி அனுப்பவில்லை. அரசாங்க அதிபர் ஒரு பகுதியின் காணிச் சொந்தக்காரர்களைக் கூட்டவேண்டும். பெரும்பான்மையினர் விரும்பினால் மட்டுமே சட்டம் அப்பகுதியில் நடைமுறைக்கு வரும். அங்கு நிலவிய பழைய வழமை எது என்பதை அவர்களே சொல்லவேண்டும். அதுவே விதியாகும். அதை மீறுபவரை ஊர்மட்டத்திலேயே விசாரித்துத் தண்டம் விதிக்கலாம். முதலில் ஐந்து ஆண்டுகளுக்கான பரிசோதனையாகவே இது கொண்டுவரப்பட்டது.

வழமைகளின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. குளத்தின் கீழ் ஒருவருக்கு எவ்வளவு வயல் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஏற்பக் கட்டிலும் வாய்க்காலிலும் அவருக்கு வேலை உண்டு. கூடிய வயல் உள்ளவருக்குக் கூடிய நீளம். குறைந்த வயல் உள்ளவருக்குக் குறைந்த நீளம். தண்ணீரில் பங்கு கேட்பவர் மண்ணிலும் பங்கெடுக்க வேண்டும். விதானைமார் இதை மேற்பார்வை செய்வார்கள்.

இராஜகாரியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வோர்ட் விளங்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் முக்கியமானது. இராஜகாரியம் மேலேயுள்ளவருக்காக மக்கள் செய்த ஊழியம். குளக்கட்டு வேலை அயலவருக்கு அயலவர் கடமைப்பட்டது. என் பங்கில் உடைப்பெடுத்தால் உன் வயலும் போகும். கெபலோனியாவில் துப்பாக்கியையும் தூக்குக்கயிற்றையும் நம்பியவர், இங்கே ஊரவர்கள் கூடி ஒப்புக்கொள்ளாவிட்டால் செல்லாத சட்டமொன்றை எழுதினார். மனம் மாறியதால் அப்படிச் செய்தார் என்று சொல்லத் தேவையில்லை. ஆயிரக்கணக்கான சிறு கட்டுகளை எந்த அரசாங்கத்தாலும் ஆள்வைத்துக் காக்கமுடியாது என்ற கணக்கு அவருக்கு விளங்கியிருந்தது.

இறக்காமமும் அம்பாறையும்

ஊர்கள் தாமாகச் செய்யமுடியாத பெரிய வேலைகளில் அரசாங்கம் இறங்கவேண்டும் என்பது அவருடைய கொள்கையின் மறுபாதி. தெற்கில் கிரம, உருபொக்க அணைகளும், கிழக்கில் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்த இறக்காமம், அம்பாறைக் குளங்களும் திருத்தத்துக்குத் தெரிவாகின. தமிழ் விவசாயிகளும் முஸ்லிம் விவசாயிகளும் அருகருகே வயல் செய்த பகுதி அது. கிழக்கின் வேலை நல்ல பலன் தந்தது. பாழடைந்த நிலம் வயலாகியது. நீர்ப்பாசனத்துக்குச் செலவிடும் பணம் வீண்போகாது என்று கொழும்பிலும் இலண்டனிலும் இருந்தவர்களுக்குக் காட்ட வோர்ட்டுக்குப் பின்வந்தவர்களுக்கும் அது உதாரணமாக இருந்தது.

அந்தக் குளங்களின் பிந்திய கதை கிழக்கு மக்களுக்குத் தெரியும். சுதந்திரத்துக்குப் பின்னர் கல்லோயாத் திட்டமும் குடியேற்றங்களும் வந்தன. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகியது. ஒரு குளத்தைத் திருத்துவதும் அதன் கீழ் யார் குடியிருப்பது என்று தீர்மானிப்பதும் எங்கள் நாட்டில் ஒருபோதும் இரண்டு வேறு காரியங்களாக இருந்ததில்லை.

கணக்கின் மறுபக்கம்

வோர்ட் ஏழைக் கமக்காரரின் நண்பராக மட்டும் இருந்து இதைச் செய்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். நெல்லின் மீது அரசாங்கம் பொதுவாகப் பத்திலொரு பங்கை வரியாக எடுத்தது. கூடுதலாக விளைந்தால் கூடுதலாக வரி வரும். குளம் திருத்தும் செலவை இந்த வரியைக் காட்டியே அவர் நியாயப்படுத்தினார். அந்த வரியைக் கட்டமுடியாத கமக்காரர்களின் காணிகள் 1880களில் மலைநாட்டில் பறிபோயின. 1892 இல்தான் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

அவருடைய ஆட்சியின் பெருந்தொகை நீர்ப்பாசனத்துக்கு அல்ல, கோப்பிக்கே போனது. வீதிகளும் பாலங்களும் கட்டப்பட்டன. 1858 இல் தந்திச் சேவை வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கொழும்பில் புகையிரதப் பாதைக்கான முதல் மண்ணை அவர் வெட்டினார். 1857 இல் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி எழுந்தபோது இலங்கையிலிருந்த படைகளை அங்கு அனுப்பிவைக்கவும் தயங்கவில்லை.

கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். நல்ல குடிநீர் இல்லாத வழி அது. கொலராவும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே விழுத்தின. இந்த வருகையை ஒழுங்குபடுத்த வோர்ட்டின் காலத்தில் அரசாங்க ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஆனால் அவை தோட்டங்களின் தேவையை முன்னிறுத்தியவை. அந்தப் பாதை ஊடறுத்த மன்னார், வன்னிப் பகுதிகளின் சிறு குளங்களில் பல அவர் காலத்திலும் பாழாகவே கிடந்தன. அந்தப் பகுதிகளுக்குப் பெரிய நீர்ப்பாசன வேலைகள் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகின.

1860 ஜூன் மாத இறுதியில் வோர்ட் இலங்கையிலிருந்து புறப்பட்டார். மதராஸ் மாகாணத்தின் ஆளுநராக நியமனம் கிடைத்திருந்தது. ஜூலையில் பதவியேற்றார். ஒரு மாதம்கூட நிறையவில்லை. 1860 ஓகஸ்ட் 2 ஆம் திகதி கொலரா நோயால் அங்கேயே இறந்தார். 63 வயது. மாத்தளைப் பாதையில் பெயரில்லாமல் இறந்துபோனவர்களைக் கொண்டுபோன அதே நோய்.

சட்டம் நடந்த பாதை

ஐந்தாண்டுப் பரிசோதனை அவரோடு முடிந்துபோகவில்லை. 1861 இல் சட்டம் மீண்டும் இயற்றப்பட்டது. 1867 இல் விரிவாக்கப்பட்டது. 1870களில் தேசாதிபதி வில்லியம் கிறகெரி வடமத்திய மாகாணத்தை உருவாக்கியபோது அதையே அடித்தளமாகக் கொண்டு ஓர் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. மண்வேலையை ஊரவர்கள் செய்யவேண்டும், துருசை அரசாங்கம் அமைத்துக் கொடுக்கும். மட்டக்களப்பில் வட்டவிதானை என்று அழைக்கப்பட்டவர்கள் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்த ஒழுங்கைக் காத்தார்கள். 1958 இன் நெற்காணிச் சட்டம் அந்த இடத்துக்குப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. 1979 இன் கமநல சேவைகள் சட்டமும் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் தொடர்ந்தன. இன்று 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், அன்றாடப் பராமரிப்பு கமக்காரர் அமைப்புகளின் கையிலும் உள்ளன. பெயர்கள் மாறிவிட்டன. வயலுக்கேற்ற வேலை என்ற அடிப்படை மாறவில்லை.

பங்குகாரர் இல்லாத பங்கு

1832 இல் ஒரு சட்டம் ஊரவரைக் கட்டிலிருந்து பிரித்தது. எங்கள் காலத்தில் அதைப் போர் செய்தது. ஒருமுறையல்ல, பலமுறை இடம்பெயர்ந்த ஊர்களில் ஆவணியும் புரட்டாதியும் வந்துபோயின. பற்றை வெட்ட ஆளில்லை. பற்றை மரமாகியது. கட்டு என்ற சொல்லே ஒரு தலைமுறைக்கு வேறு பொருள் தந்தது. மண் அணை என்றால் முன்னரங்கு. திரும்பி வந்தபோதும் கண்ணிவெடி அகற்றும்வரை கட்டில் ஏறமுடியாத இடங்கள் இருந்தன. குளமும் வயலும் இன்னும் மக்கள் கைக்கு வராத இடங்களும் உள்ளன.

மீள்குடியேற்றத்தின் பின்னர் அரசாங்கமும் நன்கொடை நிறுவனங்களும் பல குளங்களைத் திருத்தின. இயந்திரங்கள் வந்து மண்ணை உயர்த்தின. புதிய துருசு கட்டப்பட்டது. பெயர்ப்பலகை நடப்பட்டது. இவை தேவையான வேலைகள். இவ்வளவு காலம் விடப்பட்ட கட்டை மண்வெட்டியால் மட்டும் மீட்கமுடியாது. ஆனால் ஒப்பந்தகாரரின் இயந்திரம் போனபின், அடுத்த ஆவணியில் யார் வருவது என்ற கேள்வி அந்த ஊரிடம்தான் திரும்பி வருகிறது.

அந்தக் கேள்விக்குப் பழைய வழமையில் நேரடியான விடையில்லை. ஒவ்வொரு பங்குக்கும் உடல்வலுவுள்ள ஒருவர் இருப்பார் என்று எடுத்துக்கொண்டே அது வகுக்கப்பட்டது. இன்று ஒரு பங்கின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். இன்னொரு பங்கின் சொந்தக்காரர் காணாமல் ஆக்கப்பட்டவர். உறுதி அவருடைய பெயரில் இருக்கிறது, மரணச் சான்றிதழ் எடுக்க மனைவிக்கு மனம் வரவில்லை. மூன்றாவது பங்கில் ஒரு காலை இழந்தவர் இருக்கிறார். நான்காவது பங்கைத் தனியொரு பெண் குத்தகைக்குச் செய்கிறார். தன் நீளத்தைத் துப்புரவாக்க ஆள்பிடித்தால் அவருடைய இலாபம் அதிலேயே போய்விடும். இவர்களிடம் வராதவருக்கான தண்டத்தை அறவிடுவது வழமையின் எழுத்தைக் காத்து அதன் நோக்கத்தைக் கைவிடுவதாகும்.

வோர்ட்டின் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அதன் தண்டத்தை விட அதன் முதற்படி. விதியை எழுத முன்னர் ஊரைக் கூட்டுவது. போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. விதைப்புத் திகதியும் துருசு திறக்கும் திகதியும் அங்கு பேசப்படுகின்றன. கட்டின் எந்தெந்தப் பங்குகளுக்கு இன்று ஆளில்லை என்பதையும் அங்கேயே பேசலாம். வெளிநாட்டில் உள்ளவர் தன் நீளத்துக்கான கூலியை ஆண்டுதோறும் அமைப்புக்கு அனுப்பலாம். அவருடைய வயலைக் குத்தகைக்குச் செய்பவர் மீது அந்தச் சுமை விழாமல் குத்தகையிலேயே அதை எழுதலாம். ஆளில்லாத பங்குகளை ஊர் பொதுவில் பிரித்துக்கொள்ளலாம். மண் சுமக்க முடியாதவர்கள் மாரியில் கட்டைச் சுற்றிப் பார்த்துக் கசிவையும் வளையையும் அறிவிக்கும் பொறுப்பை எடுக்கலாம். அதுவும் குளத்தைக் காக்கும் வேலைதான். பெண்கள் வயலின் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில் அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் அவர்கள் இருக்கவேண்டும்.

1856 இல் இந்த நாட்டின் ஆட்சியாளர் ஒருவர், தன்னுடைய காரணங்களுக்காகவே, ஒரு விடயத்தை ஒப்புக்கொண்டார்: சிறு குளத்தின் கட்டை அதன் கீழ் வயல் செய்பவர்களைத் தவிர வேறு யாராலும் காக்கமுடியாது, அவர்கள் தமக்குள் ஒத்துக்கொண்ட ஒழுங்கை அரசு மதிக்கவேண்டும். எந்தக் காணி யாருடையது, எந்தக் குளத்தின் கீழ் யார் இருப்பது என்ற வழக்குகள் முடியாத எங்கள் மாவட்டங்களில் அந்த ஒப்புதலுக்கு இன்றும் பெறுமதி உண்டு. ஆண்டுதோறும் துப்புரவாக்கப்படும் கட்டு ஊர் அங்கே இருக்கிறது என்பதற்கான சாட்சி. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் ஒவ்வொரு ஊரும் தன் கட்டில் ஒருமுறை முழுநீளத்துக்கும் நடந்து பார்ப்பது நல்லது.